போதையும் மனச்சோர்வும் சேர்ந்த பதின்பருவத்தினரைச் சிகிச்சை ஆய்வில் தக்கவைப்பது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி):
2004இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் டாட்ஸ் (TADS) எனப்படும் பதின்பருவ மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வில், மனச்சோர்வுள்ள 12 முதல் 17 வயது வரையிலான 439 பேர் பங்கேற்றார்கள். ஆனால் போதைப் பழக்கம் நோயாக முற்றியவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதைத்தான் நாம் அன்றாடம் பார்க்கிறோம் என்பதால், அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொண்டே சிறியதொரு ஆய்வைத் தொடங்கினேன். முன்னோட்டத்தில் சேர்ந்த ஒன்பது பேரில் நால்வர் மூன்றாவது அமர்வுக்கு வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (மனநல மருத்துவர்):
அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 13 முதல் 19 வயது வரையிலான 126 பேருக்கு 16 வாரங்கள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) அளித்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் மற்றொரு பிரிவினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். போதையை முதலில் விட்டுவிட்டு வா என்று யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. இரு பிரிவினரிடமும் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. உங்கள் சேர்க்கை விதிகளில் அப்படியொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2 (நெறிமுறைக் குழு உறுப்பினர்):
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 12 வயதைக் கடந்த பிள்ளையின் எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். கையெழுத்து வாங்குவது எளிது. ஆனால் போதையைக் கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு அப்பாவுக்குப் போகுமா என்பதே பிள்ளையின் மனதில் ஓடும் முதல் கேள்வி; அவன் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டான். எது யாருக்கும் சொல்லப்படாது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் எது சொல்லப்படும் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அமர்ந்திருக்கும்போதே தெளிவாக்கி, இருவரின் படிவத்திலும் ஒரே சொற்களில் எழுதிவிடுங்கள்.

மறுமொழி 3 (களப் பணியாளர்):
கஞ்சா பயன்படுத்தும் பதின்பருவத்தினர் 600 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நான்கு இடங்களில் நடந்த சிகிச்சை ஆய்வில், ஓராண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நேர்காணலுக்குக் கிடைத்தார்கள். இது தற்செயல் அல்ல. தொடர்ந்து தேடிப் பேசும் ஆள் வேண்டும். சேரும் நாளிலேயே அத்தை, மாமா, நண்பன் என்று மூன்று நான்கு பேரின் எண்களைப் பிள்ளையின் சம்மதத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஆய்வின் பெயரைச் சொல்லாதீர்கள். அமர்வுக்கு வராவிட்டால் அன்று மாலையே அழையுங்கள், குறை சொல்லாமல் பேசுங்கள். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கும் பிள்ளையை அக்கறையற்றவன் என்று குறித்துக்கொண்டால், நோயையே குற்றமாக்கிவிடுகிறோம். பயணச் செலவை வருகைக்காகக் கொடுங்கள். பரிசோதனை முடிவோடு அதை இணைத்தால், போதை எடுத்த வாரத்தில், நமக்கு அவன் மிகவும் தேவைப்படும் அந்த வாரத்தில், வரவே மாட்டான்.

கேட்டவர்:
விலகிய நால்வரின் படிவங்களையும் இப்போது எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் தந்தையின் எண் ஒன்றுதான் இருக்கிறது. அமர்வு நேரம் காலை பத்து மணி.