பாண்டாஸைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கினால் நம்பை அடம்பிடிக்கிறது, வழி சொல்லுங்கள்

மக்களே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். சித்தப்பாவின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஆர்டர் கணக்குப் பார்க்க 2022-ல் பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகத்தை வைத்து ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன், பழைய லேப்டாப் செத்துப்போகும்வரை ஒழுங்காக ஓடியது. புதியதில் பைத்தான் 3.11 போட்டு, பிப்பில் (நூலகங்களை நிறுவும் கருவி) எல்லாவற்றையும் புதிதாக இறக்கினால், டேட்டாஃபிரேமுக்கு (பாண்டாஸின் அட்டவணை) வரிசை சேர்க்கும் அப்பெண்டே கிடையாது என்கிறது. பாண்டாஸ் 2.0-ல் அதைத் தூக்கிவிட்டார்களாம். சரி என்று பாண்டாஸ் 1.5.3-க்கு இறங்கினேன். பாண்டாஸுக்கு அடியில் இருக்கும் எண் கணக்கு நூலகமான நம்பை 2 அப்படியே உட்கார்ந்திருந்ததால், டிடைப் (நம்பையின் தரவு வகை) அளவு மாறிவிட்டது, 96 எதிர்பார்த்தேன், 88 வந்தது என்று இம்போர்ட்டிலேயே விழுந்தது. நம்பையை 1.26.4 ஆக்கினால், டிசைன் படங்களை ஒப்பிட வைத்திருக்கும் ஓபன்சிவி 4.12 எனக்கு நம்பை 2 தான் வேண்டும் என்கிறது.

வெர்ஷன் பட்டியலை அன்றைக்கே எழுதி வைக்காதது என் சோம்பேறித்தனம்தான், திட்டுவதென்றால் அப்புறம் திட்டுங்கள். இப்போது ஓபன்சிவியையும் பழையதாக்கித் தனி வென்வில் (இந்த நிரலுக்கு மட்டுமான நூலகச் சூழல்) பூட்டிவிடலாமா, இல்லை பாண்டாஸைப் புதியதாகவே விட்டு, நாற்பது இடத்தில் இருக்கும் அப்பெண்டைக் கான்காட்டாக (அட்டவணைகளை ஒட்டும் கட்டளை) மாற்றுவதுதான் நல்லதா? மாற்றியவர்கள் யாராவது இருந்தால், லூப்புக்குள் இருப்பதை எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். சித்தப்பா தினமும் கேட்கிறார், நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டார்.