கட்டடத்தை இடிக்கப் போகிறார்களா? பிரான்சில் அஷ்எல்எம் வீட்டில் இருக்கும் காரைக்கால் பக்கத்து மக்களுக்கு

காரைக்கால், நெரவி, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் என்று நம் பக்கத்திலிருந்து பிரான்சுக்கு வந்து, சார்செல், கார்ஜ், வில்லியே லெ பெல், லா கூர்நேவ் போன்ற ஊர்களில் அஷ்எல்எம் (HLM, குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் சமூக வீடு) வீட்டில் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். மயிலாடுதுறை, கும்பகோணம், கூத்தாநல்லூரிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “அக்கா, எங்க கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம். எப்ப காலி பண்ணணும்?”

ஊரில் வீட்டுக்காரர் வந்து “மாசக் கடைசிக்குள்ள பார்த்துக்குங்க” என்றால் மூட்டை கட்டிப் பழகியவர்கள் நாம். இங்கேயும் அப்படியே கிளம்பிப் போய், கையில் இருந்த உரிமையை விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் விஷயம்: காலி பண்ணாதீர்கள். “நான் வீட்டை விடுகிறேன்” என்று நீங்களாக நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டால், இடிப்பதால் வெளியேற்றப்பட்டவர் என்ற கணக்கில் வரமாட்டீர்கள், சொந்த விருப்பத்தில் போனவர் ஆகிவிடுவீர்கள். மாற்று வீடு தர வேண்டிய கடமையும், சாமான் ஏற்றி இறக்கும் செலவும் அந்த ஒரு கடிதத்தோடு முடிந்துபோகும்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்த நியாயம் புதிதில்லை. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களை நினைத்த நேரத்தில் கிளப்பிவிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு தமிழ்நாட்டில் 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், அந்த இடத்தில் குடியிருந்ததையே ஆதாரமாக வைத்து மனையை அவர்களுக்குச் சொந்தமாக்கியது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் பல குடும்பங்களுக்கு இது தாத்தா காலத்துக் கதை. பிரான்சில் அஷ்எல்எம் வீடு உங்களுக்குச் சொந்தமாகாது. ஆனால் ஒப்பந்தத்தோடு குடியிருக்கிறவருக்கு வேறு வீடு காட்டாமல், இடிக்கிறோம் என்ற காரணத்தைச் சொல்லி வெளியே அனுப்ப முடியாது. உங்கள் பலம் நீங்கள் அந்த வீட்டில் இருப்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பேச்சு கிளம்பிய உடனே புல்டோசர் வந்துவிடாது. லா கூர்நேவில் நாலாயிரம் வீட்டுக் குடியிருப்பின் தெபுஸ்ஸி கட்டடத்தை 1986-இல் தகர்த்தார்கள். அதே குடியிருப்பின் பால்சாக் கட்டடம் விழுந்தது 2011-இல். நாடு முழுக்க இதற்கென்றே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அன்ரு (ANRU) என்ற நகர்ப்புறப் புதுப்பிப்பு அமைப்பை உருவாக்கினார்கள். 2014-இல் தொடங்கிய இரண்டாவது திட்டத்தில் சுமார் 450 குடியிருப்புப் பகுதிகள் இருக்கின்றன. ஒரு அஷ்எல்எம் கட்டடத்தை இடிக்க வேண்டுமென்றால் பிரெஃபே (மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி), அந்த ஊர் மெரி (நகராட்சி), கட்டடத்துக்கான கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன்பே குடியிருப்பவர்களை அழைத்துக் கலந்து பேச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். பிரெஞ்சு பேச வராது என்று கூச்சப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஒன்பதாவது படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் போதும்.

சரி, மாற்று வீடு எப்படிக் கிடைக்கும்? வீட்டு நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் வீடு காட்ட வேண்டும். அந்த வீடு நல்ல நிலையில் இருக்க வேண்டும், உங்கள் குடும்பத்தின் தேவைக்கும் வருமானத்துக்கும் பொருந்த வேண்டும், அதே ஊரிலோ 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் பக்கத்து ஊரிலோ இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளெல்லாம் 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதிச் சட்டத்தின் 13 பிஸ் பிரிவில் இருக்கின்றன. கடிதம் எழுதும்போது அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். எண்ணைப் போட்டு எழுதினால் பதில் வரும் விதமே மாறும்.

இப்படி நிபந்தனைக்கு உட்பட்ட மூன்று வீடுகளை நீங்கள் மறுத்துவிட்டால், மூன்றாவது வீட்டைப் பற்றிய அறிவிப்பு வந்த நாளிலிருந்து 6 மாதம் கழித்து அங்கே குடியிருக்கும் உரிமை போய்விடும். இங்கேதான் நிதானம் வேண்டும். பொருந்தாத வீட்டை மறுப்பது உங்கள் உரிமை, ஆனால் ஏன் பொருந்தவில்லை என்பதை எழுத்தில், பதிவுத் தபாலில் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கிற மாமியாருக்கு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்றால் மருத்துவர் சான்றிதழை இணையுங்கள். வாடகை கட்டாது என்றால் வருமானக் காகிதத்தையும், காஃப் (CAF, குடும்ப உதவி அலுவலகம்) தரும் உதவித்தொகை போக மாதம் எவ்வளவு கையிலிருந்து போகும் என்ற கணக்கையும் இணையுங்கள். “பிடிக்கலை” என்று போனில் சொல்லிவிட்டு வந்தால், அது ஒரு மறுப்பாக அவர்கள் கணக்கில் ஏறி நிற்கும், உங்கள் காரணம் எங்கேயும் பதிவாகாது. வீட்டை நேரில் பார்க்காமல் சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள்.

தேதி விஷயத்தில் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கோடையில். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா, அதோடு பிள்ளைகளுக்கு லீவு, குடும்பமாக ஊருக்குப் போய்விடுகிறோம். அந்த நேரம் பார்த்துக் கடிதம் வரும். பதிவுத் தபாலைத் தபால் நிலையத்தில் 15 நாள்தான் வைத்திருப்பார்கள். வீடு ஒதுக்கிய கடிதத்துக்குப் பதில் சொல்லக் குறைந்தது 10 நாள் தர வேண்டும் என்பது விதி, ஆனால் பதிலே வராவிட்டால் மறுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். திருவிழாவை விடச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருக்க மாட்டோம் என்று நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள், நம்பிக்கையான ஒருவருக்குத் தபால் வாங்க அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இதையொட்டி ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சொல்தாவாக (பிரெஞ்சுப் படைவீரராக) இருந்து ஓய்வு பெற்ற மாமாக்கள் பலர் குளிர்காலம் முழுக்கக் காரைக்காலில்தான் இருக்கிறார்கள். அஷ்எல்எம் வீட்டில் வருஷத்துக்குக் குறைந்தது 8 மாதம் குடியிருக்க வேண்டும், உடம்பு சரியில்லை, வேலை போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. சாதாரண நாளில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. கட்டடம் இடிபடும்போது ஒவ்வொரு வீடாகப் பார்ப்பார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்டால் மாற்று வீடு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இந்த ஓரிரு வருஷம் மட்டும் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள் மாமா, தயவுசெய்து.

அப்புறம், மாற்று வீடு விஷயமாக நிறுவனத்தின் சார்பில் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வருவார். யார் யார் இருக்கிறீர்கள், என்ன வருமானம், எந்தப் பக்கம் வீடு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஏதோ சர்வே என்று நினைத்து மேலோட்டமாகப் பதில் சொல்லாதீர்கள். நாளைக்கு உங்களுக்கு இரண்டு அறை வீடா மூன்று அறை வீடா என்பதை முடிவு செய்வது அந்தத் தாள்தான். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், வேலைக்கு ஆர்இஆர் டி ரயிலில்தான் போக வேண்டுமா, காலை நாலு மணிக்கு வேலை தொடங்குகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கல்யாணமான மகன் அதே வீட்டில் இருந்தால், அவருக்குத் தனி வீடு வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். அன்ரு திட்டங்களில் இப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காதவருக்கு யாரும் தானாகக் கொடுக்கப் போவதில்லை. மகன் தன் பெயரில் தனியாக ஒரு வீட்டு விண்ணப்பமும் போட்டு, அந்த எண்ணை வருஷா வருஷம் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகி ஊரிலிருந்து இப்போதுதான் வந்த தங்கைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், அவரோடு அந்த வீட்டில் வாழும் மனைவிக்கும் அதில் சம உரிமை உண்டு, சிவில் சட்டத்தின் 1751-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் கல்யாணமான விவரம் வீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணவருக்கு மட்டும் கடிதம் அனுப்பியே காரியத்தை முடித்துவிடுவார்கள். காரைக்காலில் நடந்த கல்யாணத்தைப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாகப் பதிவு செய்திருந்தால், அந்தச் சான்றிதழின் நகலை ஒரு கடிதத்தோடு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். “அவர் பார்த்துப்பார்” என்று விடாதீர்கள் அம்மா. வீடு உங்களுடையதும்தான்.

பிரெஞ்சு நேஷனாலிட்டி இல்லையே என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். செல்லுபடியாகும் வதிவிட அனுமதி கார்டு இருந்து, ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால், மேலே சொன்ன உரிமையெல்லாம் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள காரைக்கால்காரருக்கு எப்படியோ கும்பகோணத்துக்காரருக்கும் அப்படியே.

சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களில் பலர் இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் அஷ்எல்எம் வீட்டில் ஒரு அறைக்கு மாதம் பணம் கொடுத்து இருக்கிறார்கள். நிறுவனத்துக்கு முன்பே தெரிவித்து, சட்டம் அனுமதிக்கும் சிலருக்கு அறை விடுவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அஷ்எல்எம் வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. தெரிந்தால் அந்தக் குடும்பத்தின் ஒப்பந்தமே போகலாம். இடிக்கும்போது உங்களுக்கு மாற்று வீடு கிடையாது, இழப்பீடு கேட்க ஆதாரமும் கிடையாது. அதனால் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு கிளம்பியவுடனே உங்கள் வழியைத் தனியாகப் பாருங்கள். சமூக வீட்டு விண்ணப்பம் போடுங்கள், மெரியின் சமூக உதவிப் பிரிவுக்குப் போங்கள். 2007-இல் வந்த தாலோ சட்டத்தின்படி, தகுதி இருந்தால், வீட்டுக்கான உரிமையைக் கமிஷன் முன் வைக்கலாம். நல்ல மனதோடு இடம் கொடுத்த குடும்பத்தைச் சிக்கலில் மாட்டிவிடாமல் இருப்பதும் முக்கியம்.

வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். “எப்படியும் இடிக்கப் போறாங்க, எதுக்குக் கட்டணும்” என்று சிலர் சொல்லிக் கேட்டேன். பாக்கி விழுந்தால் அதையே காரணமாக வைத்து நீதிமன்றம் போவார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்கு இருக்கும் பாதுகாப்பு பாக்கி வைத்தவருக்கு இருக்காது.

ஆலோசனைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தில் அடில் அலுவலகம் இருந்தால் அங்கே வீட்டுச் சட்டம் தெரிந்தவர்கள் இலவசமாகச் சொல்வார்கள். சிஎன்எல், சிஎல்சிவி போன்ற குடியிருப்போர் சங்கங்களின் கிளை உங்கள் குடியிருப்பிலேயே இருக்கலாம். பத்து வீடு சேர்ந்து போனால் நிறுவனம் கொடுக்கும் பதிலே வேறு. பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் ஃபைல் எழுதித் தருகிறேன் என்று முந்நூறு யூரோ கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

கருத்துப் பகுதியில் கேட்டவர்களுக்குப் பதில்:

“பாதி வீடு காலியாகிவிட்டது, லிஃப்ட் நின்று ஒரு மாதம் ஆகிறது, குளிரில் ஹீட்டரும் வரவில்லை. கேட்டால் இடிக்கிற கட்டடம்தானே என்கிறார்கள்.” தம்பி, கடைசிக் குடும்பம் இருக்கும் வரை வீட்டை வாழத் தகுந்த நிலையில் வைத்திருப்பது அவர்கள் கடமை. போட்டோ எடுங்கள், தேதி குறியுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெரியின் சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். பக்கத்து வீட்டு அரபுக் குடும்பமும் மாலி நாட்டுக் குடும்பமும் அதே குளிரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் கையெழுத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

“அத்தா போன வருஷம் இறந்துவிட்டார், ஒப்பந்தம் அவர் பெயரில்தான் இருக்கிறது, நான் அவரோடு இருந்தேன்.” இறந்த தேதிக்கு முன் குறைந்தது ஒரு வருஷம் அவரோடு அதே வீட்டில் இருந்ததைக் காட்ட முடிந்தால், ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். உங்கள் வருமானம் அஷ்எல்எம் வரம்புக்குள் இருக்கிறதா, வீட்டின் அளவு உங்களுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். வரிக் காகிதம், காஃப் கடிதம், சம்பளச் சீட்டு என்று அந்த முகவரியில் வந்த எல்லாவற்றையும் திரட்டி, விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

“மூன்றாவது வீட்டையும் மறுத்துவிட்டோம். போலீஸ் வந்து தூக்கி வெளியே போட்டுவிடுமா?” இல்லை அக்கா. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் யாரும் உங்கள் கதவைத் திறக்க முடியாது. தீர்ப்பு வந்த பிறகும் நீதிமன்ற அதிகாரி மூலமாக முறையாக நோட்டீஸ் வர வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலத் தடை உண்டு, ஆனால் தகுந்த வேறு வீடு உறுதியாகி இருந்தால் அந்தத் தடை உதவாது. அதனால் அதை நம்பி உட்காராதீர்கள், நாளைக்கே அடிலுக்குப் போய் அந்த மூன்று கடிதங்களையும் காட்டுங்கள். அதில் ஒன்று நிபந்தனைக்குப் பொருந்தாதது என்று நிரூபிக்க முடிந்தாலும் கணக்கு மாறும்.

“புது வீடு பிடித்துவிட்டது, அடுத்த மாதம் போகிறோம். எதையாவது விட்டுவிட்டேனா?” சந்தோஷம் தங்கச்சி. அன்ரு திட்டம் என்றால் லாரிச் செலவு அவர்களுடையது, மின்சாரம், இணையம் மாற்றும் செலவையும் கேட்டுப் பாருங்கள். பழைய வீட்டை ஒப்படைக்கும்போது, இடிக்கிற வீடுதானே என்று விடாமல், வீட்டு நிலையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், மீட்டர் எண்ணையும் குறித்து வையுங்கள். வைப்புத்தொகை குறையில்லாமல் இருந்தால் ஒரு மாதத்துக்குள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும். புது முகவரியைக் காஃபுக்கு உடனே சொல்லுங்கள், வீட்டு உதவித்தொகை தானாக மாறாது.