ட்ராக்ஷன் கொன்ட்ரோல் (சில்லு வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் சிஸ்டம்) லைட் எரியுது, பெற்றோலும் கூடக் குடிக்குது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கா?

வெள்ளவத்தை விற்ஸ்:
டொயோட்டா விற்ஸ் 1.0, ஓட்டோமற்றிக். வழுக்கும் கார் படம் போட்ட லைட் அணையாமல் எரியுது, பக்கத்தில் எஞ்சின் லைட்டும். கொழும்புக்குள் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடியது, இப்ப 10தான். ட்ராக்ஷன் கொன்ட்ரோல் சில்லைப் பிடித்தபடியே இருக்காம், ஏபிஎஸ் பியூஸைக் கழற்றினால் சரியாம் என்று கராஜில் சொல்கிறார்கள். கழற்றலாமா?

கியர்பெட்டி:
கழற்றாதேங்கோ. அந்த லைட் மினுக்மினுக்கென்று அடித்தால்தான் சிஸ்டம் வேலை செய்யுது. விடாமல் எரிந்தால் அது தன்னைத்தானே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். நின்றுபோன சிஸ்டம் எப்படிச் சில்லைப் பிடிக்கும்? பியூஸைக் கழற்றினால் ஏபிஎஸ்ஸும் போகும், மழையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் அவசரமாகப் பிறேக் அடித்தால் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும். ஒரு சொட்டுப் பெற்றோலும் மிஞ்சாது.

வேலை செய்கிற நேரத்திலும் செலவு பெரிதில்லை. சில்லு சுழல்வதை ஏபிஎஸ் சென்சர் கண்டதும் திறொட்டிலை (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாசலை) குறைக்கும், தேவையென்றால் அந்தச் சில்லுக்கு மட்டும் பிறேக் கொடுக்கும். எல்லாம் ஓரிரு செக்கன். காய்ந்த தார் வீதியில் அதற்கு வேலையே வராது.

உங்கள் கேஸில் எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிவதுதான் முக்கியம். டொயோட்டாவில் எஞ்சினில் பிழை பதிவானால், திறொட்டிலை நம்பமுடியாது என்று விஎஸ்சியும் (வளைவில் கார் வழுக்காமல் பார்க்கும் சிஸ்டம்) ட்ராக்ஷனும் சேர்ந்தே நிற்கும். ஏபிஎஸ் பக்கம் ஸ்கான் பண்ணினால் பெரும்பாலும் சி 1201 என்ற பிழைக் கோட் வரும். அதன் பொருள் "எஞ்சினைப் போய்ப் பார்" என்பதுதான். ஆகவே எஞ்சினின் பிழைக் கோட் எதுவென்று ஸ்கான் பண்ணி எடுங்கோ. பி 0300 என்றால் மிஸ்பயர் (பெற்றோல் சரியாக எரியாமல் தவறுவது): பிளக், கொயில். பி 0171 என்றால் பெற்றோலோடு பார்க்கக் காற்று கூட: இன்டேக் ஹோஸ் வெடிப்பு, உங்கள் எஞ்சினில் இருந்தால், அழுக்குப் பிடித்த எயர்புளோ சென்சர் (உள்ளே போகும் காற்றை அளப்பது). பெற்றோல் கூடுவதற்கான காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

மறைன் டிரைவ்:
மேலே சொன்னது சரி. ஆனால் "சில்லைப் பிடிக்குது" என்பதையும் ஒருக்கா பார்த்துவிடலாம், ஏனென்றால் கடற்கரையோரம் நிறுத்தும் கார்களில் கலிப்பர் பின் (பிறேக் கட்டையை அழுத்தும் கலிப்பர் நகர்கிற கம்பி) துருப்பிடிப்பது சாதாரணம். அது மெக்கானிக்கல் கோளாறு, ட்ராக்ஷனுக்குச் சம்பந்தமில்லை. பிறேக்கை அதிகம் அடிக்காமல் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, நான்கு ரிம்மின் சூட்டையும் இன்பிராரெட் தேமோமீற்றரால் அளவுங்கோ. ஒன்று மட்டும் மற்றதைவிட 20 பாகைக்கு மேல் சூடென்றால் ஜக் அடித்துக் கையால் சுற்றிப் பாருங்கோ. பின்னைத் துடைத்துச் சிலிக்கோன் கிறீஸ்தான் பூசவேண்டும். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைத்துத் திரும்பவும் இறுக்கும். ரயர் காற்றையும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும்போது, நிரப்புங்கோ.

வெள்ளவத்தை விற்ஸ்:
நன்றி. ஸ்கான் பண்ணி சி 0205 மட்டும் வந்தால்? முன்பக்கம் ஒரு பெயாரிங் மாற்றியிருக்கு.

கியர்பெட்டி:
அது முன் இடதுசில்லு வேக சென்சர். அந்தப் பக்கப் பெயாரிங்தான் மாற்றியது என்றால் முதல் சந்தேகம், மறுபக்கம் திருப்பிப் போட்டது. பெயாரிங்கில், சென்சர் வாசிக்கிற காந்த வளையம் உள்ள பக்கம் சென்சரைப் பார்த்தபடி இருக்கவேண்டும். புது சென்சர் தேடி, கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓடமுன் இதைப் பாருங்கோ. வளையத்தில் காந்தம் ஒட்டிப் பார்க்கவும் விடாதேங்கோ, அதோடு அது கெட்டுவிடும். பெயாரிங் சரியென்றால் வயரையும் பிளக்கையும் பச்சைத் துரு இருக்கா என்று பார்க்கலாம். அந்தக் கோட் மட்டும் என்றால் அது பெற்றோலைக் கூட்டாது, அப்போது மைலேஜ் குறைவுக்கு மறைன் டிரைவ் சொன்னதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மறைன் டிரைவ்:
இன்னொன்று. சிலர் பெற்றோல் சேமிப்பென்று ட்ராக்ஷன் ஓஃப் பட்டனை அமத்திவிட்டு ஓடுகிறார்கள். அது சேற்றிலோ மணலிலோ புதைந்து, ட்ராக்ஷன் எஞ்சின் பவரைக் குறைப்பதால் வெளியே வரமுடியாத நேரத்துக்கு மட்டும். எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்ராட் பண்ணினால் தானாக ஓனாகிவிடும்.