இயந்திரம் மறுத்த கடனுக்கு யார் பதில் சொல்வது?

விசைப்பலகை:
கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருக்கிறேன். முன்பெல்லாம் சம்பளச் சீட்டு, பழைய பாக்கி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து நாங்களே முடிவெடுப்போம். இப்போது மென்பொருள் மதிப்பெண் போடுகிறது. காரணம் என்ற கட்டத்தில் "மதிப்பெண் போதவில்லை" என்று மட்டும் வருகிறது. எதிரில் இருப்பவர் "என்ன குறை?" என்று கேட்டால் நான் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். வேலை சீக்கிரம் முடிகிறது, மறுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு வரமா சாபமா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. மற்ற துறைகளில் எப்படி?

நிழற்படம்:
நான் கதிரியக்கப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு நன்மை கண்கூடு. ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வந்தன. வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். அங்கே அபாயம் குறைவு என்று கணினி பிரித்துத் தந்த படங்களை ஒருவர் மட்டும் பார்த்தார். படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டறிந்த புற்றுநோய்களும் குறையவில்லை. ஆனால் கவனியுங்கள், கணினி வரிசைப்படுத்தியதே தவிர, அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் மருத்துவர்.

வழக்காடி:
அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை வைத்திருந்த கணினி முறை, அந்நாட்டுக் குடியுரிமை இல்லாததையே அபாயக் குறியாக எடுத்துக்கொண்டது. அந்த விவகாரத்தில் ஆயிரக்கணக்கான பெற்றோர் ஏமாற்றுக்காரர்களாக்கப்பட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

எதிர்வாதம்:
மனித அதிகாரிகள் மட்டும் உத்தமர்களா? சிபாரிசு, முகத்தாட்சண்யம், சாதிமத வெறுப்பு எல்லாம் கணினி வருவதற்கு முன்பே இருந்தவை. ஆயிரம் விண்ணப்பங்களைக் கொடுத்து இயந்திரத்தைச் சோதித்துவிடலாம். அதிகாரியின் மனதை எப்படிச் சோதிப்பீர்கள்?

விசைப்பலகை:
எதிர்வாதம் சொல்வது நியாயம். சோதிக்கலாம்தான், ஆனால் யாருக்கு அந்த அனுமதி இருக்கிறது? விற்றவர் வணிக ரகசியம் என்கிறார்; வாங்கியவர் கேட்பதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் கடன் தகுதியைக் கணிக்கும் மென்பொருளை உயர் அபாய வகையில் வைத்திருக்கிறது. அதைக் காட்டி, மறுக்கப்படும் விண்ணப்பங்களையாவது ஓர் ஆள் மறுபடி பார்க்க வேண்டும் என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். "வேகம் குறையுமே" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.