மறு: மாங்காய் ‘மெச்சூரிட்டி’: முதிர்வா, முற்றலா, பறிபதமா?

> ‘ஹார்வெஸ்ட் மெச்சூரிட்டி’க்கு ‘அறுவடை முதிர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு அந்தப் புழக்கம்தான் தொல்லை. முதிர்வு என்றால் காய் முற்றியதா, பழுத்ததா? மாங்காயில் இரண்டும் வெவ்வேறு கட்டம். முற்றிய காயைப் பறித்து வைத்தால் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைத் தானே சுரந்து பழுத்துவிடும். முற்றாத காய் சுருங்கி வதங்கும். கார்பைடு கல் வைத்து (2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி அதற்குத் தடை) தோலை மஞ்சளாக்கலாம், உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும்.

தோட்டத்தில் ‘விளைஞ்ச காய்’ என்பார்கள். அருமையான வழக்கு. ஆனால் அதிலிருந்து ‘விளைவு’ என்று ஆக்கினால் ‘எஃபெக்ட்’ என்றுதான் படிப்பார்கள். ஆகவே காய்க்குள் நடப்பதற்கு முற்றல் போதும் என்பது என் கட்சி.

பறிப்பது வேறு கணக்கு. காய் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊறுகாய்க்கு முற்றாத காயும் ஆகும். கப்பலேறும் அல்போன்சா முற்றியிருக்க வேண்டும், கல் போலக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்தை இன்னும் கொஞ்சம் மரத்தில் விட்டுவைக்கலாம். முற்றல் ஒன்றுதான், பறிக்கும் பதம் பல. அதனால்தான் ‘பறிபதம்’ என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். பாகு காய்ச்சுகிறவரும் மண்ணில் ஈரம் பார்த்து ஏர் பூட்டுகிறவரும் குழம்பவில்லை, நாமும் குழம்ப வேண்டாம்.

‘மெச்சூரிட்டி இண்டெக்ஸ்’ அப்போது ‘முற்றல் குறி’ ஆகும். காம்படியில் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் அமர்ந்திருப்பது ஒரு குறி. தோலில் புள்ளிகள் துலங்குவது இன்னொன்று. ஒரு காயை அரிந்து பார்த்தால் கொட்டை கெட்டிப்பட்டு, அதை ஒட்டிய சதை வெள்ளை மாறி இளமஞ்சளாகியிருக்கும். இதை நான் பெரிதும் நம்புவேன். தோலின் சிவப்பை நம்பவே மாட்டேன். செந்தூரம் ரகத்தில் வெயில் பட்ட பக்கம் முற்றும் முன்பே சிவந்துவிடும்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. அல்போன்சாவுக்கு ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.01 முதல் 1.02 வரை வந்தால் பறிக்கலாம் என்பார்கள், அதாவது காய் மூழ்க வேண்டும். இதை ‘மிதப்புச் சோதனை’ என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். மிதக்கிற காயைத்தானே கழிக்கிறோம்? ‘அமிழ்வுச் சோதனை’ என்று மாற்றலாம். மறுப்பிருந்தால் எழுதுங்கள், இல்லையேல் பறிபதம், முற்றல் குறி, அமிழ்வுச் சோதனை மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.