படுத்திருக்கும்போது நாய் தன்னை அறியாமல் சலம் விடுகிறது: என்ன செய்யலாம்?

ஆரையம்பதி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் செம்பி என்று எட்டு வயதுப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. தாய் லப்ரடோர், தகப்பன் எங்கள் ஒழுங்கையில் திரிந்த நாட்டு நாய். நிறை 26 கிலோ. நான்கு வருடங்களுக்கு முன்பு அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம்.

மூன்று கிழமைகளாக, மத்தியானத்தில் விறாந்தைச் சீமெந்தில் அயர்ந்து உறங்கிவிட்டு எழும்பினால், அது படுத்திருந்த இடத்தில் ஒரு சோற்றுக்கோப்பை அகலத்துக்கு ஈரம் தேங்கியிருக்கிறது. இரவில் சாக்கு முழுவதும் நனைந்துவிடுகிறது. நடக்கும்போதோ ஓடும்போதோ ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. முற்றத்துக்குப் போனால் வழமைபோலக் குந்தித்தான் சலம் விடுகிறது. எழுந்ததும் அந்த ஈரத்தைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, பின்புறத்தை நக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் நிற்கிறது.

வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயிலில் கதவு திறக்கப் போகிறார்கள். வீட்டைக் கழுவி மெழுகி முடித்த பிறகும் இப்படி நடப்பதால், நாய்க்குக் கொழுப்பு ஏறிவிட்டது, வெளியே மாமரத்தில் கட்டுங்கள் என்று மாமி சொல்கிறார். வயது போனதால் வந்ததா, அல்லது சத்திரசிகிச்சை செய்வித்தது எங்கள் தவறா? பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் வைக்காமல் விட்டால் குறையுமா?

களுதாவளையான்

தங்கச்சி, முதலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். இந்தக் கச்சான் காற்றில் நாய்க்குத் தண்ணீர் வைக்காமல் விடுவது ஆபத்து. ஒருவேளை சிறுநீரகத்திலோ இரத்தச் சீனியிலோ கோளாறு இருந்து, அதனால் அது அதிகம் குடிக்கிறதென்றால், தண்ணீரை நிறுத்துவது நோயை ஒரே இரவில் மோசமாக்கிவிடும்.

இது குறும்பும் அல்ல. வேண்டுமென்று சலம் விடும் நாய் குந்தும் அல்லது காலைத் தூக்கும். பயத்தில் விடும் நாய் காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, ஆளைப் பார்த்தபடி விடும். உறக்கத்தில் விட்டுவிட்டு, எழுந்தபின் இது எங்கிருந்து வந்தது என்று முகர்ந்து பார்க்கிற நாய்க்கு, அது வெளியேறியதே தெரிந்திருக்காது. அதை அடித்தால் எதற்கு அடிக்கிறார்கள் என்றே அதற்கு விளங்காது.

எங்கள் கடுவனுக்கு இப்படி வந்தபோது நான் இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று மூன்று நாட்கள் அளந்தேன். காலையில் போத்தலால் நான்கு லீற்றர் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்க வேண்டும். கிணற்றடித் தொட்டியையும் கோழிக்கு வைக்கும் சட்டியையும் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். இந்தக் காற்றுக்கு நீர் வற்றுவதையும் சேர்த்துப் பார்க்க, அதே அளவான இன்னொரு சட்டியில் நீர் ஊற்றி நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மீன் ஆணம் ஊற்றிக் குழைத்த சோற்றிலும் நீர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நாய் கிலோவுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிலீற்றர் வரை குடிப்பது வழமை. 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செம்பிக்கு அந்த எல்லை 2.6 லீற்றர்.

இரண்டாவது, காலையில் எழுந்தவுடன் விடும் முதல் சலத்தைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தேன். நீண்ட பிடியுள்ள அகப்பையைக் கழுவி உலர்த்தி, குந்திய பிறகு பின்னாலிருந்து மெதுவாக நீட்ட வேண்டும். முன்கூட்டியே நீட்டினால் எழுந்து ஓடிவிடும். நான் மூன்று காலைகள் தோற்றேன். பிடித்ததைச் சுத்தமான போத்தலில் இட்டு உடனே கொண்டு போங்கள், தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கையுறை அவசியம். வயல் சூழ்ந்த நமது பக்கத்தில் எலிக்காய்ச்சல் உண்டு. அந்தக் கிருமி நாயின் சலத்தாலும் மனிதருக்குத் தொற்றும்.

பழைய போதனாசிரியர்

நான் கால்நடை வைத்தியர் அல்லன். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆகவே நான் சொல்வதை நோய்நிர்ணயமாகக் கொள்ளாமல், வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்பது என்பதற்கான ஆயத்தமாகக் கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பையின் வாயிலைச் சுற்றி, நாம் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து மூடுவதுபோல இறுக்கி வைத்திருக்கும் தசை ஒன்று உண்டு. அந்த இறுக்கத்தைக் காப்பவை நரம்புகள். அந்த நரம்புகளின் கட்டளைக்குத் தசை நன்றாகச் செவிசாய்க்கும்படி வைத்திருப்பதில் ஈஸ்திரோஜன் என்ற பெண் ஓமோனுக்குப் பங்கு உண்டு. கருத்தடையில் சூலகங்களை அகற்றிய பெட்டை நாய்களில் அந்த ஓமோன் குறைந்து, சில மாதங்களிலோ சில வருடங்களிலோ தசை தளரத் தொடங்கலாம். உறக்கத்தில் உடல் முழுவதும் தளர்வதோடு, படுக்கும்போது வயிற்றின் பாரம் சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும், நின்றால் ஒழுகாதது படுத்தால் ஒழுகுகிறது. உடல் பெருத்த, 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் இது கூடுதலாகக் காணப்படும். கொழுப்பும் பாரத்தைக் கூட்டும். எனவே செம்பிக்கு இது இருக்க நியாயம் உண்டு.

ஆனால் அதற்காகச் சத்திரசிகிச்சையைக் குற்றம் சொல்ல வேண்டாம். கருப்பையில் சீழ் கட்டி இரண்டொரு நாளில் செத்துப்போகிற பெட்டை நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கருப்பை அகற்றப்பட்ட நாய்க்கு அந்த ஆபத்து அநேகமாக இல்லை. சலம் ஒழுகுவது சமாளிக்கக்கூடிய தொல்லை. கருப்பைச் சீழோ உயிரை வாங்கும்.

கருத்தடை செய்த நாய் என்றதும் எல்லாரும் இந்தத் தளர்ச்சியில் போய் நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத விடயம். சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய், சிறுநீர்ப்பைக் கல், முதுகெலும்பில் நரம்பு நெருக்குப்படுதல் என்று எத்தனையோ காரணங்கள் இதே ஈரச் சாக்கைக் காட்டும். பின்னங்கால் இழுபடுகிறதா, வால் தொங்குகிறதா, சலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முயன்றும் சலம் வரவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

தளர்ச்சிதான் என்று உறுதியானால், வாயிலை இறுக்கும் ஃபீனைல்புரோப்பனோலமைன், அல்லது எஸ்திரியோல் என்ற ஓமோன் மாத்திரையை வைத்தியர்கள் கொடுப்பார்கள். முன்னையது மனிதருக்கான தடிமன் மருந்துகளில் இருந்தது. பக்கவாத ஆபத்துக் காரணமாக 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதை விலக்கச் சொன்னார்கள். நாய்களிலும் இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாய்க்குக் கண்டபடி கொடுப்பதில்லை.

தம்பிலுவில் பேத்தி

எங்கள் அம்மம்மா நெருஞ்சில் அவித்த தண்ணீர் கொடுப்பார். சலக்கடுப்புக்கு அது கைகண்ட மருந்து. ஐயா சொன்னபடி தடிமன் மருந்துதான் வாயிலை இறுக்கும் என்றால், வீட்டில் இருக்கிற தடிமன் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமே?

பழைய போதனாசிரியர்

மகள், கொடுக்கவே கூடாது. சில தடிமன் மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கும். சிறிய அளவிலேயே நாயின் இதயத்தை ஓட வைத்து, வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடும். அவற்றோடு பரசிற்றமோல் கலந்திருந்தால் ஈரலுக்கும் கேடு. நான் சொன்னது வேறு மருந்து. அதுவும் நிறையைக் கணக்கிட்டு வைத்தியர் எழுதித் தர வேண்டியது.

நெருஞ்சில் சலத்தைப் பெருக்கும் மூலிகை என்றுதான் நம் வைத்தியத்தில் பெயர் பெற்றது. ஒழுகுகிற பானைக்குள் இன்னும் ஊற்றி என்ன பயன்?

ஆரையம்பதி வாசி

மூன்று நாட்கள் அளந்தேன். வற்றியதைக் கழித்துப் பார்த்தால் சராசரியாக 3 லீற்றர் 150 மில்லிலீற்றர் வருகிறது. கிலோவுக்கு 121. நான் நம்பாமல் நான்காம் நாளும் அளந்தேன், அதுவும் 3 லீற்றருக்கு மேல்.

ஒரு விடயத்தை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். ஏழு கிழமைகளுக்கு முன்பு செம்பி உடம்பைச் சொறிந்து மயிர் கொட்டியதால், ஓரிடத்தில் காட்டி மாத்திரை வாங்கினோம். பத்து நாட்களுக்குத்தான் தந்தார்கள். நிறுத்தியதும் சொறி திரும்பவே, அதே துண்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கித் தொடர்ந்து கொடுத்துவருகிறேன். தாகம் கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியில் பிரெட்னிசலோன் என்று இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? இன்றைக்கே நிறுத்திவிடவா?

பழைய போதனாசிரியர்

தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கே நிறுத்த வேண்டாம். அது ஸ்டீரொயிட் மருந்து. நாயை மிகையாகக் குடிக்கவும் மிகையாகச் சலம் விடவும் வைக்கும். தசை சற்றுத் தளர்ந்திருந்தாலும் இவ்வளவு நாளும் தாக்குப்பிடித்திருக்கும். இரு மடங்கு நீர் வந்து நிரம்பியதும் உறக்கத்தில் விட்டுக்கொடுத்துவிட்டது போலும். ஏழு கிழமைகளாக வெளியிலிருந்து மருந்து கிடைத்தபடியால், உடல் தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். சடுதியாக நிறுத்தினால் நாய் சோர்ந்து, வாந்தி எடுத்து விழுந்துவிடக்கூடும். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை வைத்தியர்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, இந்த மருந்து எடுக்கும் நாய்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும் எரிவு, வேதனை எதுவும் வெளியில் தெரியாமல் மறைந்திருக்கும். சலத்தைக் கட்டாயம் சோதியுங்கள். மாத்திரைப் பெட்டியையும் பழைய துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

களுதாவளையான்

அதுவரைக்கும் தோலைக் கவனியுங்கள். ஈரத்திலேயே கிடந்தால் தொடையும் அடிவயிறும் வெந்துவிடும். இந்த வெயிலுக்கு இலையான் மொய்த்துப் புழு வைக்க ஒரு பகல் போதும். வெறும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வசலின் மெல்லப் பூசுங்கள். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பு வேண்டாம், நக்கிவிடும். அது நாய்க்கு நஞ்சு. சாக்குக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்தால் சீமெந்தில் ஊறாது. உறங்கப் போகுமுன் ஒரு தடவை முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள்.

ஆரையம்பதி வாசி

ஐந்து கிழமைகள் கழித்து எழுதுகிறேன். சலத்தில் சீனி இல்லை, தொற்று இருந்தது. அதற்கு நுண்ணுயிர்கொல்லி தந்தார்கள். பிரெட்னிசலோனைக் கிழமைக்குக் கிழமை குறைத்து, இப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள் கால் மாத்திரையில் நிற்கிறோம். சொறிக்குக் காரணம் தெள்ளு என்று சொல்லி அதற்கு வேறு மருந்து போட்டார்கள். குடிக்கும் தண்ணீர் ஒன்றரை லீற்றருக்கு இறங்கிவிட்டது.

ஈரம் முற்றாக நிற்கவில்லை. கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை, உள்ளங்கை அளவு. மாத்திரையை முழுதாக நிறுத்தி ஒரு மாதம் பார்த்துவிட்டு, அப்போதும் இருந்தால் தசையை இறுக்கும் மருந்தைத் தொடங்கலாம் என்கிறார் வைத்தியர். தேவைப்பட்டால் பேராதனையில் உள்ள கால்நடை வைத்தியசாலைக்கு ஸ்கான் எடுக்க அனுப்புவாராம். சடங்கு நாட்களில் செம்பியை மரத்தில் கட்டவில்லை. பின் விறாந்தையில் பொலித்தீனும் சாக்கும் போட்டுக் கொடுத்தோம். மாமிக்கு அது அரை மனம்தான்.

பழைய போதனாசிரியர்

நல்லது. நுண்ணுயிர்கொல்லி முடிந்து ஏழு நாட்கள் அளவில் சலத்தை மறுபடியும் சோதிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தொற்று மிச்சமிருந்தால், அந்த உள்ளங்கை அளவு ஈரம் அதனால் வருகிறதா தளர்ச்சியால் வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.