வேலைக்குப் போகிறவர்களுக்கும் இலவச உணவுப் பையா?

தெம்பனிஸ்வாசி:
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை உணவுப் பை கொடுக்கிறார்கள். வரிசையில் பாதிப் பேர் வேலைச் சீருடையோடு, கைபேசியும் கையுமாக நிற்கிறார்கள். 2025இல் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஜனவரியில் 300, மே மாதத்தில் 500 வெள்ளிக்கு, கடைகளில் பொருள் வாங்க அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டு (வவுச்சர்) கிடைத்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் காம்கேர் உதவியும் இருக்கிறது. நாதியற்ற முதியவர்களுக்கு முதலில் போகட்டும்.

ஈரறைவீடு:
அண்ணன், நான் அந்த வரிசையில் நிற்கிறவள். துப்புரவு வேலை. சம்பளம் வந்த கையோடு வாடகை, தண்ணீர், மின்சாரம், மாமியாரின் மருந்து, பழைய கடன் தவணை எல்லாம் போய்விடும். இவற்றில் எதையும் என்னால் குறைக்க முடியாது. வயிற்றைத்தான் குறைக்கிறோம். முதலில் மீனை நிறுத்தினேன், பிறகு பழத்தை. மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கு முட்டை, எங்களுக்கு ரசம். நீங்கள் சொன்ன 800 வெள்ளியை 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 15 வெள்ளி. நாங்கள் ஐந்து பேர். கைபேசி இல்லாவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டைச் செலவழிப்பதும் எனக்குச் சிரமம்.

கணக்கர்:
‘உணவு வங்கி சிங்கப்பூர்’ என்ற தொண்டு நிறுவனத்துக்காக, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் 2019இல் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய பத்தில் ஒரு குடும்பம், ஓராண்டில் ஒருமுறையாவது நல்ல சாப்பாட்டுக்குத் திண்டாடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எங்கும் உதவி பெறவில்லை. வெட்கமும் ஒரு காரணம். அதற்குப் பிறகு பொருள், சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியது. வரிசைக்கு வருகிறவர்களை எண்ணுகிறோம், வராதவர்களை யார் எண்ணுவது?

தெம்பனிஸ்வாசி:
தங்கச்சி, உங்கள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் போதவில்லை என்றால் முதலாளி கொடுக்க வேண்டும். தொண்டு நிறுவனம் அரிசி கொடுத்துக்கொண்டே இருந்தால் சம்பளம் எப்போது உயரும்?

தொண்டூழியர்:
துப்புரவுப் பணிக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 முதல் கட்டாயம். சம்பளம் ஏறட்டும், அதுவரை பசி காத்திருக்காது. எனக்கு வேறு கவலை. நீரிழிவுக்காரர் வீட்டுக்கும் வெள்ளை அரிசி, மேகி, இனிப்புப் பால் டின்தான் போகிறது. சைவ வீட்டுக்குச் சார்டின் போய், அவர்கள் அடுத்த வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். மவுண்ட்பேட்டன் வட்டாரத்தில் 2020இல் திறந்த சமூகக் கடையில் உறுப்பினர்கள் தங்களுக்கு வேண்டிய பொருளைத் தாங்களே இலவசமாக எடுக்கிறார்கள். எல்லா வட்டாரத்திலும் அப்படி வர வேண்டும்.

ஈரறைவீடு:
கடை வரும்போது வரட்டும். இப்போதைக்கு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வர எனக்கு அரைநாள் சம்பளம் போகிறது. இரவு எட்டு மணிக்குக் கொடுத்தால் எங்கள் மாடியிலிருந்து இன்னும் சிலர் வருவார்கள்.